வீட்டுப் பொறுப்பாளர்

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். உலர்த்தும் எந்திரத்திலிருந்து சூடு பறக்க வந்து விழும் படுக்கை விரிப்புகளை, எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்று மடிக்க வேண்டும். மடிப்பக்காவுக்கு எதிரே நிற்பவள் ஒரு மூலையைக்கூடக் கோணலாகப் பிடித்துவிட்டுத் தப்ப முடியாது. "இது என்னடி, குருவிக்கூடா? நோயாளி படுக்கிற துணி" என்று மொத்தத்தையும் உதறிப் பிரித்துவிடுவாள். அடுத்த விரிப்பை எடுக்கும்போதே சிரித்தும் விடுவாள். அதனால் யாரும் அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை.

ஒரு நாள் தேநீர் இடைவேளையில், குடையை ஊன்றிக்கொண்டு ஒரு பருத்த அம்மாள் சலவைக்கூடத்துக்குள் வந்தாள். முழங்கால் வலி என்பது நடையிலேயே தெரிந்தது. துணிமூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, "உங்க தம்பி விஷயமா வந்திருக்கேன்" என்றாள். மடிப்பக்கா தேநீர் டம்ளரைக் கீழே வைத்தாள். தம்பி சிறைக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அவனைப் பற்றி யாராவது பேச வந்தால் நல்ல செய்தியாக இருந்ததே கிடையாது.

இந்தத் தடவை நல்ல செய்திதான். அந்த அம்மாள் மேற்பார்வை அதிகாரி. மீதி இருக்கும் தண்டனைக் காலத்தை, நடத்தை சரியாக இருந்தால், சிறைக்கு வெளியே மேற்பார்வையில் கழிக்கலாம். ஆனால் தங்குவதற்கு ஒரு வீடு வேண்டும், அந்த வீட்டில் பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும். தம்பி கொடுத்த பெயர் ஒன்றே ஒன்று.

"அவனுக்கு வேற யார் இருக்கா மேடம்" என்றாள் மடிப்பக்கா.

"அதனாலதான் யோசிச்சுச் சொல்லுங்கன்னு சொல்றேன். வேற ஆள் இல்லைங்கிறதுக்காக யாரும் தலையாட்டக் கூடாது."

மடிப்பக்கா அப்போதே தலையாட்டிவிட்டாள்.

வீட்டில் அது அத்தனை சுலபமாக இல்லை. மூன்றாம் மாடியில் இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள வீடு. புருஷன் ரொட்டி ஆலையில் வேன் ஓட்டுகிறவர். விடியுமுன் கிளம்பி மத்தியானம் திரும்பி, சாயங்காலம் இரண்டு பாட்டில் பீரோடு சாய்வு நாற்காலியில் உட்கார்வதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே சொர்க்கம். வீட்டில் மது இருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

"அவன் செஞ்சதுக்கு எனக்கு எதுக்குத் தண்டனை?" என்றார் அவர். "நான் யார் கிடங்கையும் உடைக்கலையே."

"வெளியில போய்க் குடிச்சிட்டு வாங்க."

"வெளியில குடிச்சா அது குடி. வீட்டுல குடிச்சா அது ஓய்வு. உனக்கு எங்க புரியப் போகுது."

முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பாட்டில்களைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். கல்லூரியில் படிக்கும் மகள் தன் அறையைக் காலி செய்து கூடத்துக்குப் படுக்கையை இழுத்துப் போட்டாள். மாமாவை அவள் கடைசியாகப் பார்த்தபோது பின்னல் போட்ட சிறுமி. நினைவில் இருந்தது அவனுடைய சிரிப்பு மட்டும்தான்.

தம்பி செய்த காரியத்தை மடிப்பக்கா ஒருநாளும் மழுப்பிப் பேசியதில்லை. ஒரு கூட்டாளியோடு சேர்ந்து மின்சாமான் கிடங்கு ஒன்றை உடைத்தான். தடுக்க வந்த காவலாளியைப் படிக்கட்டில் தள்ளிவிட்டான். அந்த மனிதருக்கு இடுப்பு முறிந்தது, இன்றைக்கும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார். தள்ளியது கூட்டாளி இல்லை, தம்பிதான். கோர்ட்டில் அவனே ஒப்புக்கொண்டான். அவன் உள்ளே இருந்தபோதே அம்மா போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை, 'என் பிள்ளை அப்படிச் செய்யறவன் இல்ல' என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அதிகாரியம்மாள் வீட்டைப் பார்க்க வந்தாள். மூன்று மாடி ஏறிய களைப்பில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தாள். பிறகு நிபந்தனைகளைச் சொன்னாள். வேலை முடிந்ததும் நேரே வீடு. இருட்டுவதற்குள் உள்ளே இருக்க வேண்டும். பழைய கூட்டாளியோடும் காவலாளியின் குடும்பத்தோடும் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுமதியில்லாமல் போகக் கூடாது. சில சாயங்காலங்களில் வீட்டுப் போனுக்கு அழைப்பு வரும்.

"அவர் இருக்காரான்னு கேப்பேன். நீங்க சொல்றதைத்தான் நான் நம்பணும். எங்கிட்ட ஏகப்பட்ட பேர் இருக்காங்க, எல்லார் வீட்டுக்கும் இந்த முழங்காலோட ஏறி இறங்க முடியாது."

"இருந்தா இருக்கான்னு சொல்வேன், இல்லேன்னா இல்லேன்னு சொல்வேன். இதுல என்ன இருக்கு?" என்று சொல்லி மடிப்பக்கா கையெழுத்துப் போட்டாள். வீட்டுப் பொறுப்பாளர் என்று அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே தன் பெயரைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தம்பி வந்தான். முன்னந்தலையில் வழுக்கை ஏறியிருந்தது, தோள் சுருங்கியிருந்தது. முதல் வாரம் முழுக்க, "அக்கா, குளிக்கப் போறேன்", "அக்கா, தண்ணி குடிக்கிறேன்" என்று எதற்கும் சொல்லிவிட்டே எழுந்தான். வேன்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாப்ள, மூச்சு விடறதுக்கு மட்டும் கேக்காம விட்டுக்கோ" என்றார். தம்பி சிரித்துவிட்டான். மகள் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் நினைவில் வைத்திருந்த சிரிப்பு அதுதான்.

சோப்பு வாங்கி வா என்று கடைக்கு அனுப்பினால் வெறுங்கையோடு திரும்பினான். "சுவர் முழுக்க சோப்புக்கா. எதை எடுக்கிறது?" விளக்கை அணைத்தால் தூக்கம் வரவில்லை, எரிந்துகொண்டே இருக்கட்டும் என்றான். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. அலுவலக நாற்காலிகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்தான். சக்கரம் மாட்டுவது, கிழிந்த மெத்தைக்கு உறை தைப்பது, ஏறி இறங்காமல் மக்கர் பண்ணும் நாற்காலியைச் சரிசெய்வது. வேன்காரரின் சாய்வு நாற்காலிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தியம் பார்த்தான். அதற்குப் பிறகு அவர் பீரைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

சுருக்கமாகச் சொன்னால், எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வீடுதான் மாறியிருந்தது. மகளின் தோழிகள் வருவதில்லை. போன் மணி அடித்தால் ஆளாளுக்கு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சாயங்காலம் சாவி திரும்பும் சத்தம் கேட்கும்வரை மடிப்பக்காவுக்கு அடுப்படியில் கை ஓடாது. உள்ளே இருந்தவன் ஒருத்தன், வெளியே இருந்தது நாங்கள் மூன்று பேர். இப்போது நாலு பேருமே பாதி உள்ளே என்று ஒரு தடவை நினைத்தாள். நினைத்ததற்குத் தன்னையே கடிந்துகொண்டாள்.

குளிர்காலம் தொடங்கிய சமயம் ஒரு சாயங்காலம் இருட்டிவிட்டது, தம்பி வரவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"இருக்காரா?" என்றாள் அதிகாரியம்மாள்.

"குளிச்சிட்டிருக்கான் மேடம்" என்றது மடிப்பக்காவின் வாய்.

"சரி" என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். ரிசீவரைப் பிடித்தபடியே நின்றாள் இவள். அந்த வார்த்தை அவளுடையது இல்லை, அம்மாவுடையது. பள்ளிக்கூட வாத்தியார் தேடி வந்தால், 'குளிச்சிட்டிருக்கான் சார்'. சைக்கிளைத் தொலைத்தவர் வாசலில் நின்றால், 'குளிச்சிட்டிருக்கான், வந்ததும் கேக்கறேன்'. கிடங்கு உடைந்த மறுநாள் போலீஸ் வந்தபோதும் அம்மா அதையேதான் சொன்னாள். அந்த நகரத்திலேயே அவ்வளவு சுத்தமான பிள்ளை வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அதை நினைத்து மடிப்பக்காவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் கலங்கியது.

கொஞ்ச நேரத்தில் தம்பி வந்தான். பஸ் கிடைக்கவில்லை என்றான். நம்பினாள். அடுத்த தடவையும் பஸ் கிடைக்கவில்லை, அன்றைக்கும் போன் வந்தது, அன்றைக்கும் அவன் குளித்துக்கொண்டிருந்தான். மறுநாள் வேலை முடிந்ததும் அவள் நேரே பட்டறைக்குப் போனாள். "அவரா? டாண்ணு கிளம்பிடுவாரே. ஒரு நாள்கூட லேட்டா விட்டதில்லைங்களே" என்றார் பட்டறைக்காரர்.

பழைய கூட்டாளியின் முகம் அவள் கண்முன் வந்து நின்றது. வீட்டுக்கு வந்தவனை அடுப்படிக்கு இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"உண்மையைச் சொல்லு. அவனைப் பாக்கப் போறியா?"

"எவனை?" தம்பிக்கு நிஜமாகவே புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது. "இல்லக்கா. பஸ்ல போறேன்."

"எங்க?"

"எங்கயும் இல்ல. எதிர்ப்பக்கம் போற பஸ்ல ஏறிக் கடைசி சீட்டுல உட்காருவேன். பாலத்தைத் தாண்டிக் கடைசி ஸ்டாப் வரைக்கும் போகும். அதே பஸ்ல திரும்பி வந்துருவேன்."

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. பஸ் நிக்கிற மைதானம், ஒரு கக்கூஸ்." கைவிரலில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டினான். "உள்ள இருந்தப்ப எப்பவும் யாராவது பாத்துட்டே இருப்பாங்க. பட்டறையில மொதலாளி பாக்கறாரு. வீட்டுல நீ பாக்கற. நீ நல்லதுக்குத்தான் பாக்கற, தெரியும். பஸ்ல யாரும் என்னைப் பாக்கறதில்லக்கா. எவனோ ஒருத்தன் தூங்கிட்டுப் போறான்னு விட்டுடறாங்க. அது... எப்படிச் சொல்றது, அவ்வளவு நல்லா இருக்கு."

திட்ட வாய் திறந்த மடிப்பக்கா, "அதுக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கமா ஒரு பஸ் கிடைக்கலையா உனக்கு?" என்றாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் வேண்டாம், அக்காவுக்காக வேண்டாம் என்று கெஞ்சினாள். சரி என்றான். அப்போது அவன் சரி என்றது உண்மைதான் என்று அவள் இன்றும் நம்புகிறாள்.

சில வாரம் ஒழுங்காக வந்தான். பிறகு ஒரு மழைநாள். தெருவிளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. போன் அடித்தது.

வேன்காரர் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகள் புத்தகத்தை மூடினாள். போனை எடுக்கும்வரை மடிப்பக்காவுக்கே தெரியாது என்ன சொல்லப் போகிறாள் என்று.

"இருக்காரா?"

"இல்ல மேடம்."

அதிகாரியம்மாள் தவறாகக் காதில் விழுந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டவள் போல மறுபடி கேட்டாள். "இல்லையா?"

"இல்ல. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவையும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். மகள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அறை வாங்கியிருந்தால்கூடத் தேவலாம். "ஏம்மா? இன்னும் பத்து நிமிஷத்துல வந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். வேன்காரர் எழுந்துபோய் அடுப்பை அணைத்தார், ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது.

தம்பி நனைந்து வந்தான். துண்டைக் கொடுத்தபடியே, போனில் சொன்னதை மடிப்பக்கா சொல்லிவிட்டாள். அவன் தலையைத் துவட்டுவதை நிறுத்தவில்லை. துவட்டி முடித்துத் துண்டை நான்காக மடித்து நாற்காலியில் வைத்தான். சாப்பிட்டான். தன் துணிகளைப் பையில் அடுக்கிக் கதவோரம் வைத்துவிட்டுப் படுக்கப் போனான்.

காலையில் அதிகாரியம்மாள் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தாள். மேலே ஏறாமல் கீழேயே நின்றிருந்தாள். தம்பி தானாகவே பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். வேன்காரர் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருந்தார். படிக்கட்டு வரை கூடவே போய், "மாப்ள, நாற்காலி மறுபடியும் கீச்சுங்குது. வந்து பாக்கணும் நீ" என்றார். கீச்சென்ற சத்தமெல்லாம் எதுவும் இல்லை.

விசாரணைக் குழுவின் முன் மடிப்பக்காவும் பேசினாள். அவன் யாரையும் பார்க்கவில்லை, எதையும் தொடவில்லை, பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான் என்றாள். குழுவில் இருந்த மூன்று பேரும் காதில் வாங்கிக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் மட்டும், "நீங்க எதுக்கு முதல்ல மறைச்சீங்க?" என்றார். "பழக்கதோஷம்" என்றாள். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, தலையை ஆட்டினார். கோடைக்காலம் வரும்வரை மறுபடி உள்ளே இருக்க வேண்டும் என்று முடிவானது.

நடையிலிருந்த பெஞ்சில் அதிகாரியம்மாள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தனியா கொஞ்ச நேரம் வேணும்னு அவர் எங்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

அதிகாரியம்மாள் யோசித்தாள். "தெரியல" என்றாள். மடிப்பக்காவுக்கு அந்தப் பதிலால்தான் அவள் மேல் ஒரு மரியாதை வந்தது.

அந்தக் குளிர்காலம் எப்படிப் போனது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. மகள் தேவைக்கு மட்டும் பேசினாள். சலவைக்கூடத்தில் எதிரே நிற்பவள் மூலையைக் கோணலாகப் பிடித்தாலும் மடிப்பக்கா கண்டுகொள்ளவில்லை. அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குப் பயம் வந்தது. சிறையில் பார்க்கப் போனாள். வர விருப்பமில்லை என்று உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினான். மறுமாதமும் போனாள், மறுபடியும் அதே பதில். நான் சரியாகச் செய்தேனா என்று தினமும் தன்னைக் கேட்டுக்கொண்டாள். சில நாள் ஆமாம் என்று பட்டது. சில நாள், ஒரு மனுஷன் பஸ்ஸில் உட்கார்ந்ததற்கா இவ்வளவும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கோடையில் அவனை மறுபடி மேற்பார்வையில் விட்டார்கள். மகளின் அறையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். ஆனால் அவன் வரவில்லை. விடுதலையானவர்களுக்கென்று நகரத்தில் ஒரு விடுதி இருந்தது. அங்கேயே தங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டான். ஆள் எங்கே இருக்கிறான் என்று காட்டிக்கொடுக்கும் கருவிப் பட்டை ஒன்றைக் காலில் கட்டுவார்கள், அதற்கும் சம்மதம் என்றானாம்.

வேன்காரருக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நம்ம வீட்டுக்கு என்ன கொறச்சல்? என் பீரையே விட்டேன் இவனுக்காக!"

ஞாயிற்றுக்கிழமை அவள் விடுதிக்குப் போனாள். நீளமான ஒரு கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி. இந்தத் தடவை அவன் வந்தான். எதிரே உட்கார்ந்து, கால்சட்டையைத் தூக்கிப் பட்டையைக் காட்டினான். "பாரு, கொலுசு."

அவள் சிரிக்கவில்லை. "ஏன்டா வீட்டுக்கு வரல? நான் சொல்லிட்டேன்னு கோபமா?"

"கோபம் இருந்துச்சு. சொன்னதுக்கு இல்ல." கொஞ்சம் தயங்கினான். "சொல்லப் போறேன்னு எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ. முன்னாடியே சொல்லியிருந்தா ஒருவேளை வந்திருப்பேன். ஒருவேளை வந்திருக்க மாட்டேன். ஆனா தெரிஞ்சிருக்கும்."

"அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கே தெரியாதுடா."

"சரி விடு." கையை நீட்டி அவள் பையை இழுத்து என்ன கொண்டுவந்திருக்கிறாள் என்று பார்த்தான், சின்ன வயதில் செய்கிற மாதிரியே. "அம்மா எனக்காகப் பொய் சொல்லிட்டே இருந்தா. எனக்கு அது பிடிக்கும்னு நெனச்சா. அவ கதவுகிட்ட போய் நின்னு பேசறப்பல்லாம் நான் உள்ள கட்டிலுக்கடியில செத்துட்டிருப்பேன். நீயும் அப்படி நிக்க வேணாம்க்கா. காவலுக்கும் நிக்க வேணாம். அதை இந்தப் பட்டை பாத்துக்கட்டும். நீ அக்காவா மட்டும் வா."

திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது. அது வருத்தம் மட்டும் இல்லை. போனைப் பார்த்து நடுங்காமல் ஒரு சாயங்காலம் இருக்கலாம் என்ற நிம்மதியும் அதில் கலந்திருந்தது. அந்த நிம்மதிக்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் போனாள். அக்கா தம்பியாகச் சண்டை போட்டார்கள். முடியை ஏன் இப்படி வெட்டிக்கொண்டாய், மெலிந்துவிட்டாய் என்றெல்லாம் தாராளமாகக் குறை சொல்ல முடிந்தது. மகளும் ஒரு நாள் கூட வந்தாள். தண்டனைக் காலம் முடிந்து பட்டையைக் கழற்றியதும், பட்டறைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டான். ஓய்வு நாளில் வேன்காரர் அங்கே போய்விடுகிறார். என்ன குடிக்கிறார்கள் என்று அவள் விசாரிப்பதில்லை. காவலாளியின் குடும்பத்துக்கு மன்னிப்புச் சொல்லலாமா என்று அதிகாரியம்மாள் மூலம் கேட்டனுப்பினான். வேண்டாம் என்று பதில் வந்தது. அதையும் ஏற்றுக்கொண்டான்.

போன மாதம் சலவைக்கூடத்தில், நீராவி இஸ்திரியில் வேலை செய்கிறவள் மடிப்பக்காவின் எதிரே வந்து நின்று விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய மகனையும் வெளியே விடப் போகிறார்களாம். பொறுப்பாளராகக் கையெழுத்துக் கேட்கிறார்களாம்.

"போடட்டுமாக்கா?"

மடிப்பக்கா விரிப்பை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"போடணும்னு தோணிச்சுன்னா போடு. ஆனா அவன் வீட்டுக்குள்ள வந்த அன்னிக்கே சொல்லிடு. கேட்டா உண்மையைத்தான் சொல்வேன்னு. போன் வர்ற வரைக்கும் காத்திருக்காதே."

"சொன்னா மூஞ்சியைத் திருப்பிட்டுப் பேசாம இருப்பான்க்கா."

"இருப்பான். கொஞ்ச நாள்."

இஸ்திரிக்காரி பெருமூச்சு விட்டாள். "அவன் வாய் உனக்குத் தெரியாது. கொஞ்ச நாள் பேசாம இருந்தா வீட்டுல இருக்கிறவங்களுக்கு நல்லதுதான்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் ஒரு மூலை கோணலாகப் போக, மடிப்பக்கா விரிப்பை உதறிப் பிரித்து மறுபடி நீட்டினாள்.